டாக்டர் பாட்டில் ஒளித்த வீடு: ஈஸ்டருக்கு ஏக்ரன் போன கதை

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பயண ருசி தெரியும். அருவி, மலை, கடற்கரை, பக்கத்தில் நல்ல சாப்பாடு. இந்த நான்கில் ஒன்றுகூட இல்லாத ஊருக்கு 430 மைல் கார் ஓட்டிக்கொண்டு போவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இந்த வருடம் பெரிய வெள்ளியன்று அதைத்தான் செய்தோம். நானும் என் கணவர் அருளும், நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷனிலிருந்து ஒஹையோ மாநிலத்து ஏக்ரனுக்கு.

ஏன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருளுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. இருந்தது என்று எழுதினால் அவர் திருத்துவார், "இருக்கு, ஆனா குடிக்கல" என்று. குடியை விட்டவர்களே ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கும் அமைப்பு ஒன்று உலகம் முழுக்க இருக்கிறதே, அது 1935இல் ஏக்ரனில்தான் ஆரம்பித்தது. அமைப்பின் பெயரையும், ஆரம்பித்த இருவரின் பெயர்களையும் எழுதப் போவதில்லை. பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் மரபு. எங்கள் கதையிலும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அருளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை தவக்காலம். அந்த நாட்களில் எங்கள் வீட்டு ஆண்கள் குடிக்க மாட்டார்கள். அருளும் வருடா வருடம் பைபிள் மேல் சத்தியம் செய்த மாதிரி நிறுத்துவார். "நாப்பது நாள் ஒரு சொட்டு தொடாம இருக்கேன்ல? குடிகாரனால முடியுமா?" என்று கேட்பார். நானும் அதை நம்பினேன். ஈஸ்டர் அன்று மதியம் பக்கத்து ஊரான எடிசனில் செல்வம் அங்கிள் வீட்டில் விருந்து. அங்கிள் ஊரிலிருந்து எங்களுக்குத் தெரிந்தவர், இங்கே வந்த புதிதில் எங்களுக்கு எல்லாமாக இருந்தவர். முதல் பாட்டிலை அவர்தான் திறப்பார். நாற்பது நாள் பாக்கியையும் அன்றே தீர்ப்பதுபோல அருள் குடிப்பார். வீட்டுக்கு நான் ஓட்டுவேன்.

போன வருட ஈஸ்டருக்கு மறுநாள் காலை, இட்லிக்கு அரிசி அளக்க மூட்டைக்குள் கை விட்டேன். விரலில் கண்ணாடி தட்டுப்பட்டது. அரைப் பாட்டில் விஸ்கி. நான் கத்தவில்லை. அதை எடுத்துச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அந்த வாரம் வியாழக்கிழமை அருள் முதல் கூட்டத்துக்குப் போனார். எடிசனிலேயே கூட்டம் இருக்கிறது. ஆனால் நம்மாட்கள் யாராவது பார்த்துவிட்டால்? அதனால் 38 மைல் தள்ளி ஒரு சர்ச்சின் அடித்தள அறைக்கு. இன்றுவரை அங்கேதான் போகிறார்.

ஆக, இது அவர் குடிக்காமல் கடக்க வேண்டிய முதல் ஈஸ்டர். தவக்காலம் தொடங்கியதிலிருந்தே நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது நாளைப் பற்றிக் கவலையில்லை, நாற்பத்தோராவது நாளைப் பற்றித்தான். "அந்த வீக்எண்ட் இங்க இருக்க வேணாம் ஸ்டெல்லா. ஏக்ரன் போலாமா?" என்று அருளே கேட்டார். மகள் ஸ்பிரிங் பிரேக்குக்கு டெக்சாஸ் மாநிலத்துப் பிளானோவில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கிளிடம் "ஆபீஸ் வேலையா ஒஹையோ போறோம்" என்று கூசாமல் பொய் சொன்னேன். பெரிய வெள்ளிக்கு எந்த ஆபீஸ் என்று அவர் கேட்கவில்லை.

வெள்ளி காலை 6.10க்குக் கிளம்பினோம். 287ஆம் நெடுஞ்சாலை, பிறகு 78, பென்சில்வேனியாவுக்குள் போய் 80ஐப் பிடித்தால் அதற்கப்புறம் நேர்கோடுதான். மலையும் மரமும் லாரியும் மாறி மாறி வரும். இன்னும் இலை விடாத காடு. நியூ ஜெர்சியில் பெட்ரோலை நாமே போட முடியாது என்பதால், எல்லை தாண்டிப் பம்ப்பைக் கையில் பிடிப்பதில் அருளுக்கு ஒரு சின்னப் பிள்ளை சந்தோஷம். பெரிய வெள்ளி நோன்பு, ஒருசந்தி என்பதால் ஒரே வேளை சாப்பாடு. 11.30க்கு ஒரு ரெஸ்ட் ஏரியாவில் தயிர் சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். ஏக்ரனில் காரை நிறுத்தியபோது மணி 2.25. மூன்று மணி ஆராதனைக்கு வழியில் பார்த்த சர்ச்சுக்குள் நுழைந்துவிட்டோம்.

ஏக்ரன் ஒரு காலத்தில் டயர் ஊர். பழைய செங்கல் தொழிற்சாலைகள், உயரமான புகைபோக்கிகள், மேடும் பள்ளமுமான தெருக்கள். அழகான ஊர் என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்குப் பிடித்துப்போனது. தெருவில் எதிரே வருகிறவர்கள் நின்று வணக்கம் சொல்கிறார்கள். மோட்டல் இரண்டு இரவுக்கு வரியோடு 218 டாலர். காலை உணவு சேர்த்தி, அதை நம்பிப் போகாதீர்கள்.

சனி காலை அருள் குளிக்கப் போன நேரத்தில் அவர் பையைச் சோதித்தேன். சட்டைகளுக்கு நடுவில், ஷூவுக்குள், மாத்திரை டப்பாவுக்குப் பின்னால். ஒன்றும் இல்லை. நிமிர்ந்தால் துண்டோடு வாசலில் நிற்கிறார்.

"சைடு ஜிப்ப பாக்கல பாரு," என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு வருடமாக அவர் குடிக்கவில்லை, நான் தேடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

நாங்கள் பார்க்க வந்த வீடு ஊரின் மேற்குப் பக்கம், ஒரு அமைதியான தெருவில் இருக்கிறது. மோட்டலிலிருந்து 12 நிமிடம். சாதாரண இரண்டு மாடி வீடு. அமைப்பை ஆரம்பித்த இருவரில் ஒருவரான அறுவைச் சிகிச்சை டாக்டர் தன் மனைவியோடும் பிள்ளைகளோடும் வாழ்ந்தது. நாங்கள் போனபோது மணி 12.15. கதவைத் திறந்தவர் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆஜானுபாகுவான தன்னார்வலர். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவராம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் "வெல்கம் ஹோம்" என்றார். வருகிறவர் எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். தெரிந்தே போனவள்தான் நான், இருந்தும் கண் கலங்கிவிட்டது.

கதையை அவர் ஹாலில் உட்கார வைத்துச் சொன்னார். நியூயார்க்கிலிருந்து ஒரு பங்குச் சந்தை ஆள், குடியால் எல்லாவற்றையும் தொலைத்து, சில மாதமாகக் குடிக்காமல் இருப்பவர், வியாபார விஷயமாக ஏக்ரன் வருகிறார். வியாபாரம் கைநழுவுகிறது. அன்னையர் தினத்துக்கு முந்தைய நாள். ஹோட்டல் லாபியில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போகிறார். அங்கிருந்த சர்ச் பட்டியலைப் பார்த்து வரிசையாகக் கூப்பிட்டு, தன்னைப் போல ஒரு குடிகாரர் கிடைப்பாரா, பேச வேண்டும் என்று கேட்கிறார். கடைசியில் ஒரு பெண்மணி, எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் இருக்கிறார் என்கிறார்.

அந்த டாக்டரோ அன்றைக்கு மனைவிக்கு அன்னையர் தினப் பரிசாக ஒரு பூச்செடித் தொட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, மாடிக்குப் போய் போதையில் விழுந்துவிட்டார். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, மனைவி வற்புறுத்தியதால், கால்மணி நேரம்தான் இருப்பேன் என்ற கண்டிஷனோடு அந்தப் பெண்மணி இடத்துக்கு வருகிறார். எழுந்தபோது ராத்திரி பதினொன்று தாண்டிவிட்டது. நியூயார்க் ஆள் புத்தி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். நான் குடிக்காமல் இருக்க எனக்கு நீ வேண்டும் என்றார். டாக்டரிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை.

அதோடு சுபம் போட்டுவிடலாம் என்று பார்த்தால், சில வாரத்தில் டாக்டர் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போகிறேன் என்று ரயிலேறி, மறுபடி குடித்துவிட்டார். மாநாடு எங்கே என்று நினைக்கிறீர்கள்? அட்லாண்டிக் சிட்டியில்.

"நம்ம ஸ்டேட்டா!" என்று அருள் வாய்விட்டுச் சிரித்தார். தன்னார்வலரும் சிரித்தார். திரும்பி வந்த டாக்டரை நியூயார்க்குக்காரரும் டாக்டரின் மனைவியும் தேற்றி எடுத்தார்கள். 1935 ஜூன் பத்தாம் தேதியை அவருடைய கடைசிக் குடி நாளாகக் கணக்கு வைத்து, அதையே அமைப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அப்புறம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்கையில் கிடந்த மூன்றாவது ஆளைத் தேடினார்கள். அவர் ஒரு வக்கீல். அவரும் குடியை விட்டு எழுந்தார்.

பிறகு தன்னார்வலர் வீட்டைச் சுற்றிக் காட்டினார். டாக்டர் பாட்டில் ஒளித்த இடங்களைச் சொல்ல ஆரம்பித்ததும் என் காது தானாகக் கூர்மையானது. நிலக்கரி கொட்டி வைக்கும் தொட்டி, அழுக்குத் துணிக் கூடை, நிலவறை உத்தரத்தின் மேல். மனைவி தேடிக்கொண்டே இருப்பாராம்.

"அரிசி மூட்டை?" என்று கேட்டேன்.

அவர் விழித்தார். அருள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, இருபது பவுண்டு அரிசி மூட்டை என்றால் என்ன, அதில் எத்தனை பாட்டில் கொள்ளும் என்பதை அவருக்கு இங்கிலீஷில் விளக்கினார். தான் குடித்த காலத்தில் லாரி பெட்டியில் ஸ்பேர் டயருக்குள் பாட்டில் வைத்ததை அவர் சொன்னார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எனக்கு முதலில் எரிச்சல், நாம் அழுததற்கு இவர்கள் சிரிக்கிறார்களே என்று. அப்புறம் நானும் சிரித்தேன். அந்த மூட்டையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே அன்றைக்குத்தான்.

கடைசியாகச் சமையலறை. ஆண்கள் ஹாலில் பேசும்போது அவர்களோடு வந்த மனைவிமார்களை டாக்டரின் மனைவி இங்கே உட்கார வைத்துக் காபி ஊற்றிக் கொடுப்பாராம். அந்தக் காலத்துக் காபிப் பாத்திரத்தை வைத்திருக்கிறார்கள். வீடெல்லாம் பாட்டில் தேடி அலுத்த அந்த அம்மாள், அப்புறம் தன்னைப் போலத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். நான் அந்த மேசையருகே கொஞ்ச நேரம் நின்றேன். அருள் அவசரப்படுத்தவில்லை.

ஞாயிறு ஈஸ்டர். காலை எட்டு மணிப் பூசை முடிந்து, அந்த ஹோட்டல் இருந்த கட்டடத்தைப் பார்க்க டவுன்டவுன் போனோம். இப்போது அதில் குடியிருக்கிறார்கள், உள்ளே போக முடியாது. வெளியே நடைபாதையில் நின்றோம். நல்ல காற்று. மணி 9.40. அருள் போனை எடுத்தார்.

"யாருக்கு?"

"அங்கிளுக்கு. அவரா கூப்பிடறதுக்கு முன்னாடி நானே பேசிடறேன்."

ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனால் அங்கிளின் குரல் எப்போதுமே ஸ்பீக்கர்தான். "டேய் அருள்! ஹாப்பி ஈஸ்டர்டா! ஆபீஸாவது மண்ணாவது, நைட்டுக்குள்ள வந்துருவீல்ல? உனக்காக ஒண்ணு திறக்காம வெச்சிருக்கேன்."

"அங்கிள், ஆபீஸ் வேலை இல்ல. பொய் சொல்லிட்டோம். எனக்குக் குடிய நிறுத்த முடியாத பிரச்சினை இருக்கு. ஒரு வருஷமா மீட்டிங் போறேன். தவக்காலம் முடிஞ்சாலும் இனிமே குடிக்கறதில்ல அங்கிள். வீட்டுக்கு வருவேன், பிரியாணி சாப்பிடுவேன். அது மட்டும் வேணாம்."

அங்கிளின் குரல் முதல்முறையாக இறங்கியது. "சரிப்பா. ஸ்டெல்லாவக் கேட்டதா சொல்லு" என்று வைத்துவிட்டார். அருள் போனைப் பாக்கெட்டில் போட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பும் வழியெல்லாம் அங்கிளை இழந்துவிட்டோம் என்றே இருவரும் நினைத்தோம். பென்சில்வேனியாவில் லேசான மழை. வீடு சேர மாலை 6.20. அரிசி களைந்து சோறு வைத்தேன், கருவாட்டுக் குழம்பு சூடு பண்ணினேன். நாற்பத்தோராவது நாள் முடிந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வீட்டைப் பார்க்கக் கட்டணம் இல்லை, உண்டியலில் விருப்பப்பட்டதைப் போடலாம். பண்டிகை நாட்களில் திறந்திருக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஜூன் இரண்டாவது வாரம் பிறந்தநாள் கூட்டம், அறை கிடைக்காது. போக வரப் பெட்ரோல் 96 டாலர். டாக்டரின் கல்லறையும் ஊரிலேயே இருக்கிறது, குடிக்காத வருடங்களுக்காகத் தரப்படும் சின்னக் காசுகளை வந்தவர்கள் அதன் மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். அங்கே படம் எடுத்தால் பக்கத்தில் நிற்பவர் முகம் விழாமல் எடுங்கள். குழந்தைகளுக்கு அந்த ஊரில் பொழுது போகாது. நீங்கள் குடியை விட முயல்பவராக இருந்தால், கூட்டத்துக்கு ஏக்ரன்வரை போக வேண்டியதில்லை, 38 மைலும் தேவையில்லை. உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

இவ்வளவும் எழுதி முடித்துப் படங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன், புதன்கிழமை மதியம். ரோஸி ஆன்ட்டி கூப்பிட்டார், செல்வம் அங்கிளின் மனைவி. ஈஸ்டர் கேக் பற்றிப் பேசினார், முட்டி வலி பற்றிப் பேசினார். நான் பயந்துகொண்டே காத்திருந்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, அருள் எங்கெங்கல்லாம் ஒளிச்சு வெப்பாரு?" என்றார்.

எத்தனை ஈஸ்டர் அந்த மனிதர் பாட்டில் திறப்பதைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். ஆன்ட்டி எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

"தேடாதீங்க ஆன்ட்டி. நான் தேடி ஒண்ணும் ஆகல. கிளம்பி இங்க வாங்க, காபி போடறேன்."

"அங்கிளுக்குத் தெரியாம வரணும். ஓக் ட்ரீ ரோட்ல காய் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வரேன்."

நாலரைக்கு வந்தார். கையில் உண்மையாகவே ஒரு கட்டு முருங்கைக்காய். சமையலறை மேசையில் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். கைப்பையை மடியிலிருந்து இறக்காமல், கால்மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.