சின்னவர் பங்குக்கு வந்த 'டி' டிரைவ்

பிளாப்பியை உள்ளே தள்ளியதும் அந்தக் கம்ப்யூட்டர் நறநறவென்று பல்லைக் கடிக்கும். தோல் வாடைக்கும் பசை நெடிக்கும் நடுவே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தாராவியில் அக்கா வேலை பார்த்த தோல்பைப் பட்டறையின் 'மாளா' என்கிற பலகை மாடியில்தான் என் பள்ளி விடுமுறைகள் கழிந்தன. எண்பதுகளின் கடைசி அது.

பட்டறை அண்ணன் தம்பி இருவருடையது. பிணக்கு முற்றியபோது பள்ளிவாசலில் ஜமாத்தார் முன்னிலையில் பாகம் பிரித்து, நடுவே பிளைவுட் அடித்து, தையல் மெஷின்களைச் சரிபாதியாக்கி, வெட்ட முடியாத கம்ப்யூட்டரில் மட்டும் டிஸ்க்கின் 'சி' பாகம் பெரியவருக்கு, 'டி' பாகம் சின்னவருக்கு என்று எழுதியே வைத்தார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அக்கா பெரியவரிடம் டைப்பிஸ்ட். வெளிநாட்டுக் கடிதங்கள் அடிக்க ஆறு பிளாப்பிகளில் புது புரோகிராம் வந்தது. "சனிக்கிழமைக்குள்ள ஏத்திரும்மா, இல்லன்னா கோர்ஸ் படிச்ச ஆளத்தான் வைக்கணும்" என்றார் பெரியவர். வேலை போனால் அக்காவை ஊருக்கு அனுப்பி, அவளுக்குப் பிடிக்காத மாமன் மகனுக்கே கட்டிவைப்பதென்று வீட்டில் முடிவாகியிருந்தது.

'சி'யில் அழிக்கக்கூடாத ஆர்டர் பட்டியல்கள் நிரம்பி வழிய, இடமில்லை என்றது திரை. 'டி' கழுவிக் கவிழ்த்த பானையாகக் காலியாகக் கிடந்தது. யாரையும் கேட்காமல் அக்கா அதில் ஏற்றிவிட்டாள். முதல் கடிதம் பிரிண்டரில் வந்தபோது என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

கடிதத்தைப் பார்த்துச் சிரித்த பெரியவர், எங்கே ஏற்றினாய் என்று கேட்டார். அக்கா உள்ளதைச் சொன்னாள்.

"தம்பி பங்குல ஒரு சாண் தொட மாட்டேன்னு பள்ளியில வச்சு வாக்குக் குடுத்தவன்மா நான். அழிச்சிரு."

அக்கா பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிச் சின்னவரிடம் கெஞ்சினாள். அண்ணனை அவர்கள் வீட்டில் 'காக்கா' என்பார்கள். "காக்கா வந்து ஒரு வார்த்த கேக்கட்டும், குடுக்கேன்" என்றார் அவர், தலை நிமிராமல். பத்தடி தூரம், காக்கா போகவில்லை. அக்காவே தன் கையால் எல்லாவற்றையும் அழித்தாள். சனிக்கிழமையோடு வேலை போனது; ஊரில் அந்த மாமன் மகனுக்கே கட்டிவைத்தார்கள். இருவரும் நல்ல மனிதர்கள்தான். அவர்களுடைய ரோஷத்துக்கு என் அக்காதானா கிடைத்தாள் என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடைகள். அண்ணனும் தம்பியும் பேசாமலே போய்ச் சேர்ந்தார்கள். போன மாதம் ஊரிலிருந்து போனில் பேசிய அக்கா திடீரென்று, "ஏட்டி, அந்த 'டி'யில பொறவு சின்னவரு என்னதான் வச்சாராம்?" என்று கேட்டாள்.

கம்ப்யூட்டரை எடைக்குப் போடும்வரை அது காலியாகவே கிடந்ததென்று, அக்காவுக்குப் பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்தவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"தெரியலக்கா" என்றேன்.