காஜா மைதீனின் விண்மீன் ரேடியோ

என் அண்ணன் காஜா மைதீன் ஒரு ரேடியோவை விற்றால், வாங்கியவரை உடனே போக விடமாட்டார். சாயங்காலம் வானிலை அறிக்கை வரும்வரை கடையிலேயே உட்கார வைப்பார். மீனவர்களுக்கான எச்சரிக்கை அந்தச் செட்டில் தெளிவாகக் கேட்ட பிறகுதான் பின்மூடியைப் போட்டு, ஓரம் முழுக்கத் தேன்மெழுகு பூசிக் கையில் கொடுப்பார். காலையிலேயே வந்தவருக்கும் இதே சட்டம்தான். படகு காத்திருக்கிறது, காற்று மாறப்போகிறது, வீட்டில் உலை வைத்தாயிற்று என்று என்ன சொன்னாலும் செல்லாது. வருஷக்கணக்காக இதைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டது நானும் மச்சி பரக்கத் பீவியும்தான். அண்ணன் மனைவியை நான் மச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு துணித்திரை. திரைக்கு உள்பக்கம் உட்கார்ந்து வயர்களுக்கு ஈயப்பற்று வைத்துக் கொடுப்பது என் வேலை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வெளி ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆனால் திரை மெல்லியது. கடையில் நடந்ததில் நான் பார்க்காதது குறைவு.

அண்ணன் சென்னையில் ஒரு ரேடியோ கடையில் வேலை கற்றுக்கொண்டு எழுபத்தொன்றில் ஊருக்குத் திரும்பினார். அப்போது ஏரிப்பக்கத்து ஆட்கள் வாங்கும் ரேடியோ ஒரு வருஷம் தாங்கினால் அதிகம். உப்புக்காற்று உள்ளே புகுந்து பேட்டரி வைக்கும் இடத்தைத் தின்றுவிடும். அண்ணன் சாமான்களைச் சென்னையிலிருந்து வாங்கி வந்து, காற்றுப் புகாத மரப்பெட்டி செய்து, மெழுகு பூசித் தானே செட் கட்டினார். அது படகில் கிடந்து நனைந்தாலும் பேசியது. பேர் வைக்கவேண்டி வந்தபோது மச்சி தன் மகள் பேரைச் சொன்னாள். அண்ணன் அந்த மகளின் தமிழ்ப் பாடப்புத்தகத்தைப் புரட்டி, விண்மீன் என்று வைத்தார். எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை, நட்சத்திரம் என்போம். இருந்தாலும் ஒரு தகரத் துண்டில் ஐந்து முனை வரைந்து, கீழே விண்மீன் என்று எழுதி, ஒவ்வொரு செட்டின் முகப்பிலும் ஆணி அடித்தார்.

நாலைந்து வருஷத்தில் அந்தச் சொல் ஏரி முழுக்கப் பரவிவிட்டது. ஏரிக்கு நடுவில் பசியாவரம் என்று ஒரு தீவு ஊர். அங்கே ரேடியோ என்றே யாரும் சொல்வதில்லை. விண்மீனைப் போடு, விண்மீன் இன்னா சொல்லுது என்றுதான் பேச்சு. அண்ணனுக்கு அதில் பெருமை. பில் புத்தகம் ஒன்று அடித்து வையுங்கள் என்று மச்சி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். படகில் வருகிறவன் பில்லை எங்கே வைப்பான், நனைந்துவிடும் என்று அண்ணன் விட்டுவிட்டார்.

எழுபத்தெட்டில் ஒரு வாரப் பத்திரிகையின் பின்னட்டையில் விளம்பரம் வந்தது. சென்னையில் பெரிய தொழிற்சாலை வைத்து, ரேடியோவும் ஒலிபெருக்கியும் இன்னும் என்னென்னவோ செய்கிற ஒரு கம்பெனி. அவர்களுடைய புது டிரான்சிஸ்டருக்குப் பேர் விண்மீன். மச்சி அதைக் கொண்டுவந்து காட்டினாள். அண்ணன் சந்தோஷப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நாம வெச்ச பேரு அவ்ளோ பெரிய கம்பெனிக்கே புடிச்சிருக்கு பாரு" என்று அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கடைச்சுவரில் ஒட்டினார்.

மறுவருஷம் அந்தக் கம்பெனி வக்கீலின் நோட்டீஸ் வந்தது. விண்மீன் என்ற பேரை அவர்கள் பதிவு செய்துவிட்டார்களாம். அண்ணன் அதைத் திருடி விற்கிறாராம். கடைப்பலகையையும் தகரத்தையும் எடுக்காவிட்டால் வழக்கு. அவர்கள் பேரை அண்ணன் திருடினாராம். சுவரில் ஒட்டிய விளம்பரத்தை மச்சி கிழித்தபோது சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

அண்ணன் பேரை விடமாட்டேன் என்றார். அவர் எதற்கும் பிடிவாதம் பிடித்து நான் அதுவரை பார்த்ததில்லை. புயல் சேதியைக் கேட்டுவிட்டுப் படகைத் திருப்பினவன் எல்லாம் இந்தப் பேரைச் சொல்லித்தான் பிழைத்தேன் என்கிறான், பேரை மாற்றினால் பெட்டியை மாற்றியதாக நினைப்பான் என்றார். வழக்கும் வந்தது.

பொன்னேரியில் கோதண்டம் என்று ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் சொன்னது எனக்கே புரிந்தது. பதிவு யார் செய்திருந்தாலும், அதற்கு முன்பே தன் சரக்குக்கு அந்தப் பேரை வைத்து விற்றவனைத் தடுக்க முடியாது. பில் இல்லை, போகட்டும். வாங்கினவர்கள் வந்து, விண்மீன் என்றால் பாய் செய்கிற ரேடியோ, வேறு யாருடையதும் இல்லை என்று சொன்னால் போதும். சாட்சிகளுக்கு வயதும் அனுபவமும் இருந்தால் நல்லது. சென்னை வரை அவர்களை அலையவிட வேண்டாம், கோர்ட் அனுப்பும் கமிஷனர் பொன்னேரிக்கே வந்து எழுதிக்கொள்வார் என்றார்.

அண்ணன் படகேறிப் பசியாவரம் போய்த் துளசிங்கத்திடம் சொன்னார். துளசிங்கம் அந்த ஊரில் பாடு முறை வைக்கிற பெரியவர்களில் ஒருவர். ஏரியில் மீன் நன்றாகப் படும் இடத்துக்குப் பாடு என்று பேர். யார் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைக்கும். இன்று உங்களுக்கு என்றால் நாளைக்கு இன்னொருவருக்கு. ஒரு பாட்டைத் தனக்கே என்று ஒருவன் கேட்டுவிட்டால் அதைவிட அசிங்கம் கிடையாது. அவன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட ஊர் போகாது.

இது எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். கோதண்டம் வக்கீலுக்குத்தான் தெரியாது. தெரிந்த நாங்களாவது யோசித்தோமா? கம்பெனிக்காரன் பேர் தன்னுடையது என்கிறான், நீங்கள் வந்து உண்மையைச் சொல்லுங்கள் என்று அண்ணன் பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கே பசியாவரம் கூடிப் பேசியது. சாட்சி சொல்லப்போவது ஆளாளுக்கு அல்ல, ஊர் சொல்வதுபோல ஒரே வார்த்தை என்று முடிவு செய்திருக்கிறார்கள். என்ன வார்த்தை என்று நாங்கள் கேட்கவில்லை.

விசாரணை நாளில் துளசிங்கமும் இன்னும் சிலரும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு படகில் வந்து இறங்கினார்கள். துளசிங்கத்தின் மனைவி ரங்கம்மாள் எல்லோருக்கும் சோறு கட்டி எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். மச்சி போகும்போது நானும் போனேன். திருப்பாலைவனம் வழியாகப் போகும் பஸ் வர நேரமாயிற்று. அண்ணன் பஸ் நிறுத்தத்தில் நிலைகொள்ளாமல் நடந்தார்.

ரங்கம்மாள் அவரைப் பார்த்து, "இன்னா பாய், ரேடியோ வாங்க வந்தா எங்கள நாள் பூரா உக்கார வெப்பியே. இப்ப கோர்ட்டுகாரன் உன்ன வெச்சான் பாத்தியா" என்றாள். அண்ணனும் சிரித்தார்.

கமிஷனர் கோர்ட்டை ஒட்டிய ஓர் அறையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பெண்கள் வராந்தா பெஞ்சில், ஜன்னலுக்குக் கீழே. துளசிங்கம்தான் முதல் சாட்சி. கோதண்டம் வக்கீல் கேட்டதற்கெல்லாம் நன்றாகத்தான் சொன்னார். பாயிடம் எழுபத்திரண்டில் வாங்கியது, இன்னும் பேசுகிறது, முகப்பில் விண்மீன் தகரம் இருக்கிறது. மச்சி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். இளவயது, மெதுவான குரல். விண்மீன் என்ற பேர் யாருக்குச் சொந்தம் என்று மட்டும் கேட்டார்.

துளசிங்கம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். ஊர் எடுத்த முடிவைச் சொல்லப்போகிறார் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. "யாருக்கும் சொந்தம் இல்லீங்க. அது பாடு மாதிரி, பொதுவு. பாய் ஒரு நாளும் இது என்னுதுன்னு சொன்னவரு இல்ல. அப்டி சொல்ற ஆளா இருந்தா, அவராண்ட நாங்க தண்ணிகூட வாங்கிக் குடிச்சிருக்க மாட்டோம்."

கம்பெனி செய்கிற ரேடியோவை என்னவென்று சொல்வீர்கள் என்று அந்த வக்கீல் அடுத்துக் கேட்டார்.

"அதுவும் விண்மீன்தான். சேதி சொல்ற பொட்டி எல்லாமே எங்களுக்கு விண்மீன்தாங்க."

கம்பெனி வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். கோதண்டம் வக்கீல் பதறி எழுந்து, முதலில் அந்தப் பேரை வைத்தவர் பாய்தானே, அதனால் அவருக்குத்தானே உரிமை என்று கேட்டுப்பார்த்தார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"மொதல்ல வலை கட்னவனுக்கே பாடு சொந்தம்னா, ஏரியில பாதிப்பேரு பட்டினி கெடக்கணுமே சாமி" என்றார் துளசிங்கம். "கம்பெனிக்காரங்களும் முறையில வந்து வெச்சிக்கட்டும். பாயை எடத்த வுட்டு எழுப்பி வுடறதுதான் தப்பு."

எழுதிக்கொண்டிருந்தவர் அதை அப்படியே எழுதினார். பின்னால் வந்தவர்களும் அதே வார்த்தையைச் சொன்னார்கள். ஒருவர் மாற்றிச் சொல்லியிருந்தாலாவது கோதண்டம் வக்கீலுக்குப் பிடி கிடைத்திருக்கும். ஊர் கட்டுப்பாடு, ஒருவரும் மாற்றவில்லை. பாய் பொதுச்சொத்தைப் பறித்தார் என்பதுதான் வழக்கு என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அந்தப் பழியிலிருந்து அவரைக் காப்பாற்றத்தான் இத்தனை பேரும் வேட்டி வெளுத்துக் கட்டி வந்தார்கள்.

வெளியே வந்ததும் துளசிங்கம் அண்ணன் தோளில் கை போட்டு, "அட்ச்சி வுட்டோம் பாத்தியா பாய்" என்றார். கோதண்டம் வக்கீல் யாரையும் பார்க்காமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன், ஆமாம், நன்றாகச் சொன்னீர்கள் என்று சொல்லி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு அந்த டீக்கடை பெஞ்சைத் தூக்கி யார் மேலாவது போடலாம் போல இருந்தது. யார் மேல் போடுவது என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மச்சி பிடித்துக்கொண்டாள். "அவங்க உங்க தலையில மண்ண வாரிப் போட்டுட்டாங்க. நீங்க டீ வாங்கித் தர்றீங்க. ஒரு வார்த்த கேட்டா இன்னா, நாக்கு தேஞ்சிடுமா?"

"எறா படற சீசன். இன்னிக்கி அவங்க முறை" என்றார் அண்ணன். "வலையக் கட்டாம எனக்காக வந்திருக்காங்க. நான் இன்னானு கேக்க?"

மச்சி ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகக் கவிழ்த்தாள்.

கோதண்டம் வக்கீல் ஒரு வாரம் கழித்துச் சொல்லி அனுப்பினார். நம் சாட்சிகளே பேர் நம்முடையது இல்லை என்று சொன்ன பிறகு கடைசிவரை போவது வீண். கம்பெனியின் பதிவு செல்லாது என்று தனியாக ஒரு வழக்குப் போடலாம், அது அண்ணனின் ஆயுளைத் தின்றுவிடும். பேரை எடுத்துவிட்டால் அவர்கள் நஷ்டஈடு கேட்கமாட்டார்கள். எண்பத்தொன்றில் அண்ணன் சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். கடையில் இருந்த செட்டுகளிலிருந்து தகரங்களை அவரே குறடால் பிடுங்கினார். அதை நேரில் பார்க்கக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தான். அவனுக்கும் நான்தான் டீ போட்டேன். சர்க்கரை குறைவு என்றான்.

பேரை எடுத்ததும் அண்ணன் சொன்னதுபோலவே ஆயிற்று. தகரம் இல்லாத பெட்டியைத் தீவுக்காரர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இது பழையது இல்லையே, வேறு யாரோ கட்டியது போல இருக்கிறதே என்றார்கள். உள்ளே எல்லாம் அதேதான் என்று அண்ணன் மூடியைத் திறந்து காட்டுவார். தலையை ஆட்டிவிட்டு, சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லி விண்மீன் என்று எழுதிய கம்பெனி டிரான்சிஸ்டரை வரவழைத்தார்கள். வேறு பேர் வைக்கலாம் என்று மச்சி பல பேர்கள் சொன்னாள். அண்ணன் ஒன்றையும் தகரத்தில் எழுதவில்லை.

கம்பெனி பெட்டியில் மெழுகு கிடையாது. ஒரு மழைக்காலம் போனால் உப்புப் பூத்து ஊமையாகிவிடும். ஊமையானதைத் துணியில் சுற்றி அண்ணனிடம்தான் கொண்டுவருகிறார்கள். துளசிங்கமும் ஒரு தரம் கொண்டுவந்தார். வழக்கில் நாம் தோற்றுவிட்டோம் என்று அண்ணன் அன்றைக்கு அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். திரைக்குப் பின்னால் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். துளசிங்கம் நம்பவில்லை. ஏரியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பார் பாய், உன்னுதும் விண்மீன், அவனுதும் விண்மீன், நாம் கேட்டதுதானே நடந்திருக்கிறது, இதில் தோல்வி எங்கே வந்தது என்றார். அண்ணன் அவர் கொண்டுவந்த பெட்டியின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தார். திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்க் கத்தவேண்டும் போல எனக்கு இருந்தது. போகவில்லை.

இப்போது எண்பத்தெட்டு. விண்மீன் என்ற பேர் கம்பெனியுடையது. கடைக்குப் பலகை இல்லை. அண்ணன் கட்டும் செட்டுகளின் முகப்பு வெறும் மரமாக இருக்கிறது. அதை வாங்குகிறவர்கள் குறைவு. கம்பெனி ரேடியோக்களைப் பழுது பார்ப்பதில்தான் வீடு நடக்கிறது.