நான் கட்டிவிட்ட கயிறு

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமலே எழுந்து பத்து வருடம் போய்விட்டது.

வில்லாபுரம் மரப்பட்டறையில் ரம்ப மெஷின் ஓட்டியவர் அவர். புருவமெல்லாம் மரத்தூள் படிந்திருக்கும். கைக்கடிகாரம், கயிறு எல்லாவற்றையும் கழற்றி ஆணியில் மாட்டாமல் மெஷினைப் போட மாட்டார்.

எங்கள் பூஜை அறைக் கதவின் சட்டங்களைப் பொருத்துவதற்கு, துளையில் செருகும் முனையான கழுந்து அறுக்கும் நாளில், அவர் கையில் கட்டிவிட அம்மன் கோயில் கயிற்றோடு போனேன்.

"ஆணியில மாட்டுங்கண்ணே, முடிச்சிட்டுக் கட்டிக்கிறேன். ரம்பத்துக்குச் சாமி கயிறும் சணலும் ஒண்ணுதான்."

"சாமி கதவுண்ணே. கட்டிக்கிட்டே அறுங்க, அவ பாத்துக்குவா."

"அம்புட்டு நம்பிக்கையா! விடமாட்டீக போல" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

நுனியை நீளமாக விட்டுக் கட்டிவிட்டேன். மூன்றாவது கழுந்து அறுக்கும்போது ரம்பம் அந்த நுனியைப் பிடித்துக் கையோடு இழுத்தது. மூன்று விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் நான் அழுதபோது, "அழுகாதீகண்ணே, கைய நீட்டுனது நான்தானே" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை விளங்கவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சமாவது ஆறியிருக்கும். தினமும் விளக்கேற்றுகிறேன், வேண்டிக்கொள்ள வாய் வருவதில்லை.

இதை யாரிடமாவது சொன்னால் அப்படியே சொல்லுங்கள். சாமி கைவிட்டதாக மாற்றிவிடாதீர்கள். அவர் வேண்டாம் என்றார், நான்தான் கட்டினேன்.