காளிமுத்துவின் முகத்தோடு செத்தவர்கள்

உங்கள் முகத்தோடு இதுவரை எத்தனை பேர் செத்திருக்கிறார்கள்? சிரிக்காதீர்கள். வத்தேகம சந்தைக் காவலாளி காளிமுத்துவிடம் கேட்டால் கொஞ்சமும் யோசிக்காமல், "பதினோரு பேருங்க, அதுல நாலு பொம்பளைங்க" என்பார்.

காளிமுத்து பிறந்தது பன்வில பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அவருக்கு இருந்த ஒரே திறமை அசையாமல் உட்காருவது. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியோடு மலைச்சரிவில் அவர் குந்தினால், பாறை என்று நினைத்துக் காகம் தலையில் வந்து இறங்கும். கத்திக் கத்திக் கங்காணிக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அந்தத் திறமையை மதித்த ஒரே மனிதர் ஓவியர் வீரையா. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார், கோயில் சுவரில் மயில் வரைவார், செத்தவர்களுக்குப் படம் போடுவார். கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டுமே! போட்டோவுக்கு எங்கே போவது? கண்டி டவுனுக்குப் போனால் வேலைப் பதிவேட்டில் ஒரு நாள் பேர் போய்விடும், சம்பளம் போய்விடும். குடியுரிமையைப் பிடுங்கி, கூடவே ஓட்டையும் பிடுங்கிக்கொண்ட அரசாங்கத்துக்கோ இந்த ஜனங்களின் கொழுந்து தேவைப்பட்டது, முகம் தேவைப்படவில்லை.

வீரையாவுக்கு ஒரு குறை. எதிரில் உட்கார்ந்திருப்பதை மட்டும்தான் அவரால் வரைய முடியும். ஆகவே செத்தவரின் சட்டையையோ சேலையையோ காளிமுத்துவுக்கு மாட்டிக் கதிரையில் உட்கார வைப்பார்கள். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று திருத்தம் சொல்வார்கள்.

"எங்கப்பாவுக்குக் காது பெருசுண்ணே."

"எங்க சின்னாயிக்கு மீசை கெடையாதுய்யா, அதை அழி!"

வீரையா காதை இழுப்பார், மீசையை அழிப்பார். ஆனாலும் மீசையின் நிழல் தங்கிவிடும். காளிமுத்துவின் மூக்கோரத்து மருவை மட்டும் அவர் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரிவதை மறைப்பது பொய் என்பது அவர் கொள்கை. கூலி, அந்த வீட்டுச் சாப்பாடு. இருவருக்கும்.

பிறகு அந்தக் குடும்பங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். தகரப் பெட்டிக்குள் அடங்காத படங்கள் லயத்து வீட்டுச் சுவரிலேயே தொங்கின. வீரையாவும் மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தார். கலகெதரையில் பழைய சாமான் வியாபாரம் செய்யும் முஹைதீன், தோட்டத்தார் லயங்களைத் திருத்தியபோது அந்தப் பதினொன்றையும் அள்ளிக்கொண்டு வந்து பல வருடம் அலுமாரிகளுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, கண்டியில் ஒரு மண்டபத்தில் 'மலைநாட்டு ஓவியர் வீரையாவின் படைப்புகள்' ஏலத்துக்கு வந்தன. லொறியிலிருந்து படங்களை இறக்க முஹைதீன் கூப்பிட்ட ஆள் காளிமுத்து. சாக்கை அவிழ்த்தவர் திகைத்துப்போனார்.

"முஹைதீன் நானா, இது நானு!"

"சும்மா இரு காளி. மேலே தொரமார் இருக்காங்க."

மேலே இருந்தவர் மதிப்பீட்டாளர் பொன்னுத்துரை. கொழும்பிலிருந்து பூதக்கண்ணாடியோடு வந்திருந்தார். காளிமுத்து தூக்கிவந்து மாட்டிய பதினொரு படங்களின் கீழும் 'பெயர் அறியாத ஞானி' என்று எழுதி இலக்கம் போட்டிருந்தார்.

"இஞ்ச பாருங்கோ," என்று முஹைதீனுக்கு விளக்கினார். "பதினொரு பேருக்கும் ஒரே முகம். உயிர் எல்லாம் ஒண்டு எண்டு சொல்லுறார் ஓவியர். இந்த மீசை நிழல், ஆணும் பெண்ணும் கலந்த நிலை. மூக்கோரத்துக் கறுப்புப் புள்ளி, பிரபஞ்சத்தின் ஆதிப் புள்ளி."

"அது மருங்கய்யா," என்றார் காளிமுத்து.

பொன்னுத்துரை பூதக்கண்ணாடியைத் திருப்பினார். ஆதிப் புள்ளி ஒரு முழத் தூரத்தில் வியர்த்துக்கொண்டு நின்றது.

காளிமுத்து கதையைச் சொன்னார். பிறகு கேட்டார்: "ஞானின்னு போடாதீங்கய்யா. இவுங்களுக்குப் பேர் இருக்கு. பேர் போடுங்க."

"எழுத்தில ஏதும் ஆதாரம் இருக்கோ?"

"குடியுரிமை கேட்டுப் போனப்ப அரசாங்கக் கச்சேரியிலயும் இதைத்தாங்க கேட்டாங்க. நாப்பது வருசமா."

பொன்னுத்துரை இருமினார். "ஐயா, ஞானி எண்டால்தான் விலை. பேர் போட்டால் வெறும் தோட்டத்துச் சனம் ஆகிப்போகும்."

வெறும் சனம்! கண்ணால் காணாத ஞானிக்கு விலை உண்டாம், தேயிலைக்கு உரமாகிப்போன மனிதருக்கு இல்லையாம். படித்தவர் வாயிலிருந்துதான் இத்தனை பெரிய மூடநம்பிக்கை வருகிறது.

முஹைதீன் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஏலத்தன்று காலை காளிமுத்து திரும்ப வந்தார். சத்தம் போடவில்லை. படங்களுக்குக் கீழே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார்.

ஏலம் எடுக்க வந்தவர்கள் சுற்றி வந்து பார்த்தார்கள். முத்துமாலை போட்ட அம்மையார் ஒருவர் குனிந்து, மருவை விரலால் தொட்டு, "என்ன அருமையான சிலை! இது எத்தனையாம் இலக்கம்?" என்று கேட்டார்.

சிலை தும்மியது.

அம்மையார் அலறிய அலறலில் ஏலச் சுத்தியல் மேசையிலிருந்து உருண்டது. ஜனங்கள் சிலையைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், மறுபடி சிலையைப் பார்த்தார்கள். மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "அப்ப இவங்கல்லாம் யாரு பெரியவரே?" என்றார்.

காளிமுத்து ஒவ்வொரு படத்தின் முன்னாலும் போய் நின்றார்.

"காது பெருசா இருக்குல்ல, இது சின்னமுத்து. அன்னைக்குப் பலாக்கா கறி. இது அழகர், கருவாடு. இந்தச் சேலை வீரம்மாவோடது. ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லொறி வரும் வரும்னு பாத்துப் பிரசவத்துலயே செத்துப் போச்சு. அந்த வீட்டுல எனக்குச் சோறு எறங்கல."

சிரிப்பு நின்றது. பொன்னுத்துரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்து, 'ஞானி' என்பதைத் தன் கையாலேயே வெட்டினார்.

"அடுத்தவர் பேர் சொல்லுங்கோ ஐயா. மெல்லச் சொல்லுங்கோ."

ஏழு பெயர்கள் ஏறின. ஞானிகளை வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். இருந்தவர்கள் மனிதர்களை வாங்கினார்கள்.

மீதி நான்கு படங்களுக்குக் காளிமுத்துவுக்குப் பெயர் வரவில்லை. தண்ணீர்க் குழாயைத் தோட்ட நிர்வாகம் திருத்தாமல் விட்ட வருடம், பேதி வந்து ஒரே வாரத்தில் நான்கு சாவு. நான்கு வீட்டிலும் பருப்புதான். சாப்பாட்டை வைத்துப் பெயரை நினைவு வைத்தவருக்கு எல்லாம் குழம்பிவிட்டது. "பேர் தெரியாம இதை விக்காதீங்க நானா," என்றார். முஹைதீன் முணுமுணுத்துக்கொண்டே அவற்றைக் கலகெதரைக்குத் திருப்பி ஏற்றினார்.

அந்த நால்வரும் செத்தது அறுபத்திரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில். தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர், கழுத்தில் தாயத்தோடு ஓர் இளைஞர், பச்சைக் கரைச் சேலையில் ஒரு பெண், வெற்றிலைக் கறை உதட்டோடு இன்னொரு பெண். பன்வில பக்கமிருந்து போன உறவினர் திருச்சியிலோ நீலகிரியிலோ உங்களுக்கு இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒரு பெயராவது கிடைத்தால் அஞ்சலட்டையில் எழுதி, காளிமுத்து, காவலாளி, பொதுச் சந்தை, வத்தேகம என்ற விலாசத்துக்கு இன்றே போடுங்கள்.