ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிந்திய கீபோர்டு

என் வீட்டுக்காரர் பிரபினுக்குப் பாட்டென்றால் பிடிக்காது என்று சொல்ல முடியாது. பாட்டுக்கும் அவருக்கும் பழக்கமே இல்லை, அவ்வளவுதான். சர்ச்சில், எங்கள் பேச்சில் கோயிலில், எல்லோரும் பாடும்போது அவர் வாயை மட்டும் அசைப்பதைப் பாடற்குழுவில் நின்றபடி வாராவாரம் பார்க்கிறேன். அப்பேர்ப்பட்ட மனிதரின் கையில்தான் எங்கள் கோயில் கீபோர்டு போய்ச் சேர்ந்தது.

எங்கள் ஊர் கடியப்பட்டணத்துக்குப் பக்கத்தில், கடலோரம். இவர் கத்தாரில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் கம்பெனியில் மெஷின் கன்ட்ரோல் பார்த்தவர், திரும்பி வந்து தக்கலை ரோட்டில் கடை போட்டிருக்கிறார். இன்வெர்ட்டர், வள்ளத்தில் வைக்கிற ஜிபிஎஸ், மீன் பார்க்கிற மெஷின், எது வந்தாலும் உடனே திறந்துவிடுவார். மூடுவதற்குத்தான் நாளாகும். உப்புக்காற்றில் கெட்டுப்போன கீபோர்டையும் திறந்தார். கட்டைகள் நன்றாக இருக்கின்றன, சத்தம் உண்டாக்குகிற சர்க்யூட்தான் போய்விட்டது என்றார். உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டை உள்ளே வைத்தார். அதுவே ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ் ஓடும். கட்டையை அழுத்தினால் அந்தப் போர்டு ஆர்கன் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும். முதல் ஒத்திகையிலேயே கணீரென்று வந்தது.

பங்குச் சாமியாருக்கு வாயெல்லாம் பல். அந்தச் சந்தோஷத்தோடு, அதே போர்டை வைத்து ஞாயிறு பூசையை கல்ஃபில் இருக்கிற நம்மாட்களுக்கு லைவாகவும் காட்ட முடியுமா என்று கேட்டார். முடியாது என்ற வார்த்தை இவருக்கு வீட்டில் மட்டும்தான் வரும். ஒரு கேமராவையும் சேர்த்து மாட்டிக் கொடுத்துவிட்டார்.

கீபோர்டு வாசிப்பவர் சகாயசெல்வி டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் லேசாகப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. ரப்பர் பந்தைப் பிசைந்து பிசைந்து, வலியில் அழுது, அந்தக் கையைத் திரும்பக் கொண்டுவந்து கட்டையில் வைத்தார். அன்று பாடற்குழுவில் அழாத ஆள் இல்லை.

புதுச் சத்தம் வந்தபிறகு ஒரு விசித்திரம் ஆரம்பித்தது. சனிக்கிழமை ஒத்திகை அருமையாகப் போகும். ஞாயிறு பூசையில் பாட்டு இழுக்கும். டீச்சர் அழுத்திய சத்தம் ஒரு துளி பிந்தி வரும். எல்லா நேரமும் அப்படியில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக. அவர் சத்தத்துக்குக் காத்திருந்து அடுத்த கட்டையை அழுத்துவார். நாங்கள் அவருக்காகக் காத்துப் பாடுவோம். ஊர் எங்களுக்காகக் காத்துப் பாடும். காணிக்கைப் பாட்டு முடியாமல் சாமியார் பீடத்தில் கைகூப்பியபடி நின்றுகொண்டே இருந்தார். "இதென்ன சாவு வீட்டு அடக்கப் பூசையா?" என்று பின்னால் யாரோ கேட்டது டீச்சர் காதிலும் விழுந்தது.

பூசை முடிந்ததும் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"ஜாஸ்மி, கை மறுபடியும் போவுதுட்டி. நேத்து சரியா இருந்த கை இன்னைக்கு இல்ல. கொடியேத்தம் வரை வாசிக்கேன், பெறவு வேற ஆளப் பாருங்கன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்."

கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து இவரிடம், பெட்டியில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று கேட்டேன்.

"ஏட்டி, நான் கடையில வச்சு அளந்து பாத்ததாக்கும். சராசரியப் பாத்தா தாமதம்னு ஒண்ணுமே இல்ல" என்றார். கோபம் வேறு.

அடுத்த ஞாயிறு பாட்டு பறந்தது. டீச்சர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பூசை முடிந்து வெளியே வந்தால் குவைத்திலிருந்து நாத்தனார் போன் பண்ணுகிறாள், லைவ் ஏன் வரவில்லை என்று. காலையிலிருந்தே நெட் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

சாப்பிடும்போது கேட்டேன்: "இஞ்ச பாருங்க, லைவ் போவாத அன்னைக்கு மட்டும் டீச்சருக்க கை எப்படி சரியாச்சு?"

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. பிறகு, "சராசரியத்தான் பாத்தேன். ரொம்ப மோசமா பிந்தினது எவ்வளவுன்னு பாக்கல்ல. அதுவும் லைவ் ஓடாத நேரத்துலதான் அளந்தேன்" என்றார். குழம்பு ஊற்றுமுன்பே எழுந்து கையைக் கழுவினார்.

எந்த வேலையை முதலில் செய்வது என்று போர்டுக்குள் முடிவெடுப்பது, லினக்ஸின் மையமான கெர்னலாம். எனக்குப் புரிந்தது இப்படி. தேங்காய் துருவும்போது பிள்ளை விழுந்து அழுதால், இந்த மூடியை முடித்துவிட்டு வருகிறேன் என்பது சாதாரணக் கெர்னல். துருவியைப் போட்டது போட்டபடி ஓடுவது ரியல் டைம் கெர்னல். லைவ் வேலையில் மூழ்கிக் கிடந்த போர்டு, டீச்சரின் விரலைக் கொஞ்சம் காக்கவைத்திருக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் அரைமணி கழித்து வருகிற என் வீட்டுக்காரர் எந்தக் கெர்னல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"லைவுக்குத் தனியா ஒரு பெட்டி வச்சா போதாதா?"

"போதும். ஆனா நாளைக்கு சாமி இதுல இன்னொரு வேலையச் சேக்கச் சொல்லுவாரு. அப்பவும் பிந்தும். டீச்சர் அப்பவும் கையத்தான் குத்தம் சொல்லுவாங்க."

கெர்னலையே ரியல் டைமாக மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று.

அன்றே டீச்சர் வீட்டுக்குப் போனோம். "டீச்சர், உங்களுக்க கை இல்ல. எனக்க பெட்டியாக்கும் பிந்துது" என்று இவர் வாசலிலேயே சொன்னார். டீச்சர் சிரித்தார். "என்னத் தேத்துததுக்குச் சொல்லுதியா மக்கா?" என்று கேட்டுவிட்டு டீ போட உள்ளே போனார். அவர் நம்பவில்லை.

ரியல் டைம் கெர்னல் அந்தப் போர்டுக்கு ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. போர்டு செய்தவர்கள் தங்களுக்கென்று மாற்றி வைத்த கெர்னல் ஒன்று, ரியல் டைமுக்கான திருத்தங்கள் இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் பல இடங்களில் முட்டிக்கொண்டது. ஒவ்வோர் இடமாகப் படித்துச் சரிசெய்தார். அதைப் போர்டில் ஓடும்படி கட்டியெடுக்க, லேப்டாப்பில் கம்பைல் போட்டுவிட்டுக் கடைக்குப் போவார். மத்தியானம் வந்து பார்த்தால் எங்காவது பிழை காட்டி நின்றிருக்கும். ஒருவழியாக முடிந்த அன்று போர்டு எழும்பவே இல்லை. திரை கறுப்பு. பிறகு எழும்பியது, சத்தம் வரவில்லை. சத்தத்தை வெளியே அனுப்புகிற சவுண்டு டிரைவரைச் சேர்க்காமலே கெர்னலைக் கட்டியிருக்கிறார்! நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தேநீரை வைத்துவிட்டு நகர்ந்தேன்.

சத்தமும் வந்தபிறகு, கேமராவை மாட்டி லைவையும் ஓடவிட்டு நாள் முழுக்கச் சோதித்தார். சராசரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகமோசமான தாமதம் எவ்வளவு என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் காதுக்கும் தெரியாத அளவுக்கு அது சுருங்கியதும் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு. நெட் இருந்தது, லைவ் போனது. டீச்சர் பயந்து பயந்துதான் முதல் கட்டையை அழுத்தினார். சத்தம் விரலோடு வந்தது. இரண்டாம் பாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காணிக்கைப் பாட்டு சாமியார் காணிக்கையை முடிக்கும் முன்பே முடிந்து, நாங்கள் இன்னொரு சரணம் பாட வேண்டியதாயிற்று.

கூட்டம் கலைந்தபின் டீச்சர் எழும்பவில்லை. ஒரு வரியை வலது கையால் வாசித்தார். அதே வரியை இடது கையால் வாசித்தார். திரும்பவும் வலது, திரும்பவும் இடது. இடது கையின் சுண்டுவிரல் விழுகிற இடத்தில் மட்டும் சத்தம் கொஞ்சம் தள்ளி வந்தது. எனக்கே கேட்டது. பாட்டுத் தெரியாத என் வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்க வேண்டும், முகம் செத்துவிட்டது.

"இன்னும் பிந்துதா டீச்சர்? நான் திரும்ப அளந்து..."

"நீ அளக்க வேண்டாம் மக்கா. இது உனக்கது இல்ல, எனக்கதாக்கும்." டீச்சர் அந்தச் சுண்டுவிரலை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டார். "இத்தன நாளும் எது உனக்கது, எது எனக்கதுன்னு தெரியாமதான் பயந்து கெடந்தேன். ஒத்த வெரலுதான. இத நான் பாத்துக்கிடுவேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, சாமி வெளிய நிக்காராண்ணு பாரு. வேற ஆளு வேண்டாம்னு சொல்லணும்."