நான் எழுதிய ஐந்து

பல் மருத்துவக் கல்லூரியில் முகவலி ஆராய்ச்சியில் சேர்ந்தபோது, நோயாளிகளிடம் கேள்வி கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது. காரணம் என் படிப்பு அல்ல, நான் பிறந்து வளர்ந்த வடசென்னை ராயபுரம். காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வருகிறவர்கள் பேசுவது என்னோடு படித்தவர்களுக்குப் பாதிதான் புரியும். “உங்க ஊர் ஆளு, நீயே கேளு” என்பார்கள். எனக்கும் கொம்பு முளைத்தது.

வலிக்கு எண் கேட்க வேண்டும். பூஜ்ஜியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாதது. ஏழுக்குக் குறையாமல் சொன்னால் அன்றைக்கே பேராசிரியர் பார்த்து ஸ்கேனுக்கு அனுப்புவார். குறைந்தால் மாத்திரை, மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வோம்.

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இடது கன்னத்தைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வந்தார். என் அம்மா வயதிருக்கும். வேறு எங்கோ இரண்டு பல்லைப் பிடுங்கியும் வலி போகவில்லை.

“வலி எத்தினி கீதுக்கா? பத்துக்குள்ள சொல்லு.”

“பத்தும்மா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயதிலிருந்து அம்மாவோடு மீன் வாங்கப் போனவள் நான். கூடைக்காரம்மா ஒரு விலை சொல்வார், அம்மா அதில் பாதியிலிருந்து ஆரம்பிப்பாள், இருவரும் திட்டிக்கொள்வார்கள், கடைசியில் கொசுறும் விழும். சொன்ன விலைக்கு யார் வாங்கினார்கள்? பத்து என்றால் ஐந்து, இதுகூடத் தெரியாதவளா நான்! ஐந்து என்று எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பினேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். எனக்குப் பல்வலிகூட வந்ததில்லை.

மூன்று வாரம் கழித்து மகள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். அக்காவால் வாயைத் திறக்க முடியவில்லை. “ராவெல்லாம் செவுத்துல தலைய முட்டிக்கினு கெடந்துச்சு டாக்டரம்மா” என்றாள் மகள். ஸ்கேனில் தாடைக்குப் பின்னால் கட்டி, நரம்பைப் பிடித்திருந்தது. முன்பே பார்த்திருந்தாலும் எடுத்திருக்க முடியாது என்றார் பேராசிரியர். வலிக்குச் சரியான மருந்து ஏற்றியதும் அக்கா தூங்கினார். அந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான் நான் உடைந்தேன். கட்டியை நான் கொடுக்கவில்லை. அந்த மூன்று வாரத்தை நான்தான் கொடுத்தேன்.

மறுநாள் வார்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயை அசைக்காமல் மெதுவாகப் பேசினார்.

“மீனுக்குத்தாம்மா ஏத்திச் சொல்வேன். நோவுக்கு இன்னாத்துக்குச் சொல்லப் போறேன்?”

கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு என் கையைப் பிடித்தார்.

“மத்தவங்களாண்ட சொன்னா சிரிப்பாங்கன்னுதான் உன்னாண்ட சொன்னேன். நீ நம்ம வூட்டுப் பொண்ணாச்சே.”

மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகே பேராசிரியரிடம் உண்மையைச் சொல்லத் துணிந்தேன். அவர் திட்டினார், திட்ட வேண்டியதுதான். பிறகு, நோயாளி சொல்லாததை எழுதிய பதிவு ஆராய்ச்சிக்கு ஆகாது, பட்டியலிலிருந்து அந்த வரியை எடுத்துவிடு என்றார். விதி அப்படித்தான், குறை சொல்ல முடியாது. கணினி முன் உட்கார்ந்து நானே அழித்தேன். அக்கா பத்து என்று சொன்னது அங்கே எந்த வரியிலும் இல்லை.