ஐந்து வரிசைக் கம்பமும் ஓர் ஆணிப் பலகையும்

பொதுவழியில் நட்ட தடுப்பு நடப்பவர்களுக்கு இடைஞ்சல் என்று களப்பணியாளர் எழுதிக் கொடுத்தால், பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். இது விதி. அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்த காலம் முழுக்க இதைப் பலருக்கு எடுத்துக் காட்டியிருக்கிறேன். யாரும் மறுத்ததில்லை; யாரும் பின்பற்றியதும் இல்லை. அந்த விதிக்குச் சாட்சியாக என் புத்தக அலமாரியின் மேல்தட்டில் இரண்டு முழப் பலகை ஒன்று கிடக்கிறது. அதில் ஐந்து வரிசையாக ஆணிகள். எங்கள் அலுவலக ஓவர்சியர் அம்மா அடித்தவை.

அடி அண்ணாமலை அருகே கிரிவலப் பாதையில் பைக்குகள் புகுவதைத் தடுக்க இரும்புக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். ஓர் ஆளின் தோள் அகலத்தை டேப் வைத்து அளந்து, அதற்குமேல் நாலு விரல் சேர்த்து இடைவெளி; மொத்தம் நான்கு வரிசை. வரைபடத்தில் பார்க்க அழகாகவே இருந்தது. பங்குனிப் பௌர்ணமியன்று மாலை அங்கே கூட்டம் அடைத்துக்கொண்டு ஒரு பெண்மணிக்குக் கை முறிந்தது. மேலிடம் ஆராய்ந்தது. மக்கள் வேகமாக வருவதே காரணம் என்று முடிவுகட்டி, வேகத்தைக் குறைக்க ஐந்தாவது வரிசையையும் நட்டது. அடுத்து வருவது சித்திரைப் பௌர்ணமி. கூட்டம் பல மடங்கு ஜாஸ்தி.

ஓவர்சியர் அம்மா கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அதில் ஒரு பை கொண்டுவந்து, பொறியாளர் மேசையில் பலகையைச் சாய்த்து வைத்தார். முதலில் உரித்த பருப்பைக் கொட்டினார். ஆணிகளுக்கு நடுவே சலசலவென்று இறங்கிவிட்டது. பிறகு தோலோடு முழுக்காயைக் கொட்டினார். ஒரு காய் குறுக்கே விழுந்தது. இன்னொன்று அதன்மேல் சாய்ந்தது. அவ்வளவுதான், அந்தச் சந்து அடைத்தது. அதில் போகவேண்டியதும் பக்கத்துச் சந்துக்குத் திரும்ப, அதுவும் அடைத்தது. பின்னால் கொட்டக் கொட்ட இறுகியதே தவிர, நகரவில்லை.

“கடலைக்காயும் மனுஷனும் ஒண்ணாம்மா?” என்றார் பொறியாளர்.

“இல்லீங்க சார். கடலைக்காய் கையப் புடிச்சிக்காது.”

நான் பேனாவை மூடி வைத்தேன். அவர் தொடர்ந்தார். “ஊர்லேருந்து வர்றவங்க தனியாவா வர்றாங்க? குழந்த, மாமியா, நாத்தனாருன்னு கைய வுடாம வர்றாங்க. நீங்க ஒத்த ஆளுக்கு அளந்துட்டீங்க. வர்றது நாலு பருப்பு உள்ள முழுக்காய் சார். பின்னாடி இருக்கிறவங்க தள்ளத் தள்ள இறுகிப்போயிடும்.”

“எழுதிக் குடும்மா, பாக்கலாம்” என்றார் பொறியாளர், ஒரு பருப்பை வாயில் போட்டுக்கொண்டு.

எழுதிக் கொடுத்தார். மூன்று வரிசைகளை எடுத்துவிட்டு, முதல் வரிசையையும் ஐந்தாவதையும் மட்டும் வைத்து, அவற்றிலும் ஒன்றுவிட்டு ஒரு கம்பத்தை நீக்குவது. முன்வரிசைச் சந்துக்கு நேராகப் பின்வரிசைக் கம்பம் நிற்பது. பைக் நேராகப் பாய முடியாது. கைகோத்து வருகிறவர்கள் கைவிடாமல் வளைந்து போகலாம். பதினைந்து நாள் போயிற்று. பதில் இல்லை. பௌர்ணமிக்கு நான்கு நாள் இருந்தது. எனக்குத் தெரிந்த வித்தையைச் சொன்னேன்: வண்ணம் பூசுவதற்காகக் கம்பங்களைக் கழற்ற ஓவர்சியரே உத்தரவிடலாம்; எப்போது திரும்ப நடவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

“அப்படின்னா அடுத்த வருஷம் வேற யாராவது பெயிண்ட் அடிச்சு திரும்ப நட்டுடுவாங்க சார். ஏன் எடுத்தேன்னு எழுதிட்டே எடுக்கறேன்.”

உண்மையான காரணத்தைப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்திட்டு, ஆட்களை வைத்துக் கம்பங்களைப் பிடுங்கினார். அதன் கீழே நானும் கையெழுத்திட்டேன். முப்பத்தைந்து வருட வேலையில் நான் யோசிக்காமல் போட்ட ஒரே கையெழுத்து அதுதான்.

சித்திரைப் பௌர்ணமி மாலை நாங்கள் இருவரும் அங்கே நின்றோம். அவர் தோள்பையில் பலகை இருந்தது. கூட்டம் வந்துகொண்டே இருந்தது. கம்பங்களிடம் சற்றே வளைந்து, போய்க்கொண்டே இருந்தது. ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் ஒருவர் கையை ஒருவர் விடாமல் கடந்து போனது. ஓவர்சியர் அம்மா தோள்பையைத் திறந்தார். பலகையை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

அனுமதியின்றித் தடுப்பை அகற்றியதற்கு விளக்கம் கேட்கும் மெமோ மட்டும் மூன்றே நாளில் வந்தது. ‘பதினைந்து நாளில் பதில் வரவில்லை. அகற்றினேன். யாருக்கும் அடிபடவில்லை’ என்று மூன்று வரியில் பதில் எழுதினார். அவரைச் செங்கத்துக்கு மாற்றினார்கள். அந்த மூன்று வரியைப் போல நல்ல குறிப்பை நான் எந்தக் கோப்பிலும் படித்ததில்லை.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கிரிவலம் போகும்போது அந்த இரண்டு வரிசைகளையும் வளைந்து கடப்பேன். அவற்றை யாரும் தொடவில்லை. காரணம் பதிவேட்டில் இருக்கிறதே. அவருடைய மனுவுக்கான பதிலின் நகல், பதிவேட்டில் கீழே கையெழுத்திட்டவன் என்ற முறையில், என் வீட்டுக்கும் வந்தது: ‘கோரிக்கை ஏற்கப்படுகிறது. எனினும், முதலில் சிறிய மாதிரி ஒன்றில் சோதித்துப் பார்க்கவும்.’ பலகையை இறக்கித் தூசி தட்டிவிட்டு, செங்கத்துக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன்.

அவர் சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. “என்னிக்கு சார் வந்துது?” என்றார்.

மனு கொடுத்ததிலிருந்து மூன்றாவது சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள்.